ஆல்-இன் சொன்ன பிறகு: போக்கர் மேசையின் கணக்கும் நீதிமன்றத்தின் கேள்வியும்

2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன் ஒரு சிறிய மனு வந்தது. சீட்டாடியதாகக் கூடங்குளம் காவல் நிலையத்தில் பதிவான வழக்கை ரத்து செய்யக் கோரிய மனு அது. விசாரித்த நீதிபதி பி.புகழேந்தி அந்தச் சீட்டாட்டத்தோடு நிற்கவில்லை. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ரம்மியைப் பற்றியும் கவலை தெரிவித்தார். இணைய விளையாட்டுகளை நெறிப்படுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில், இணைய ரம்மிக்குத் தடை கோரிய பொதுநல வழக்கில், விளம்பரங்களில் தோன்றிய கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்பியது. சில வாரங்களிலேயே அத்தகைய ஆட்டங்களைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. அன்று தொடங்கி தமிழ்நாட்டில் சட்டங்கள் வருவதும் விழுவதும் திரும்ப வருவதுமாக இருக்கின்றன.

இத்தனை வழக்குகளும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. பணம் வைத்துச் சீட்டாடுகிறவர் வெல்வது தன் மூளையாலா, விழுகிற சீட்டாலா? ரம்மியோடு சேர்த்து நீதிமன்றங்கள் ஓயாமல் பேசிய இன்னொரு ஆட்டம் போக்கர். திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவே கோடு போடுவது மிகக் கடினமாக இருப்பதும் போக்கரில்தான். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று அறியச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் மட்டும் போதாது. ஒரு பெரிய போட்டியின் முக்கியமான ஆட்டத்தில், மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்தவர்களின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரம்மி தெரிந்தவர்களுக்குப் போக்கர்

மதுரை வட்டாரத்தில் சீட்டு என்றால் பெரும்பாலும் பதின்மூன்று சீட்டு ரம்மிதான். அதைப் பழகியவர்களுக்குப் போக்கரின் விதிகள் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். உலகப் போட்டிகளில் அதிகம் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவில் 5 சீட்டு திறந்து வைக்கப்படும்: முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து, அவற்றில் சிறந்த 5 சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

ரம்மிக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ரம்மியில் செட் சேராத கையை வைத்துக்கொண்டு யாரும் டிக்ளேர் செய்ய முடியாது. போக்கரில் எதிராளி விலகிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவர் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை அள்ளிக்கொள்ளலாம். பொய்ப் பந்தயம் என்கிற பிளஃப் பிறப்பது இங்கேதான். ஆட்டத்தின் பாதி சீட்டில் இருக்கிறது. மறுபாதி எதிரே இருப்பவர் என்ன நம்புகிறார் என்பதில் இருக்கிறது.

2003: ஒரு கணக்காளரின் துணிச்சல்

போக்கர் வரலாற்றில் அதிகம் அலசப்பட்ட ஆட்டங்களில் ஒன்று 2003 மே மாதம் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ அரங்கில் நடந்தது. உலகத் தொடர் போக்கரின் முதன்மைப் போட்டிக்கு அந்த ஆண்டு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கலந்துகொண்டவர்கள் 839 பேர். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் சாம் ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். மற்றவர் கிறிஸ் மனிமேக்கர், டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர். இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம் டாலர்.

மனிமேக்கரின் கையில் ஸ்பேடு ராஜாவும் ஆட்டின் ஏழும். ஃபர்ஹாவின் கையில் ஸ்பேடு ராணியும் ஆட்டின் ஒன்பதும். நடுவில் முதலில் விழுந்தவை ஸ்பேடு 9, டைமண்டு 2, ஸ்பேடு 6. ஃபர்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி கிடைத்துவிட்டது. இருவருமே பந்தயம் வைக்காமல் விட்டார்கள். நான்காவதாக ஸ்பேடு 8 வந்தது. ஃபர்ஹா 3 லட்சம் சில்லு வைத்தார். மனிமேக்கர் அதை 8 லட்சமாகக் கூட்டினார். ஃபர்ஹா விலகாமல் ஈடு கொடுத்தார். ஐந்தாவதாக விழுந்தது ஆட்டின் 3. இருவருக்குமே பயனில்லாத சீட்டு. ஃபர்ஹா பந்தயம் வைக்காமல் நிறுத்தினார். மனிமேக்கர் தன் சில்லுகள் மொத்தத்தையும் முன்னால் தள்ளினார்: ஆல்-இன்.

நான்காவது சீட்டு விழுந்தபோது மனிமேக்கர் கூட்டியது வெறும் பொய் அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இருவர் சீட்டையும் கேமரா வழியே பார்க்கிற தொலைக்காட்சி நேயர் எண்ணிப் பார்த்தால், கட்டில் மிச்சம் 44 சீட்டு. அவற்றில் 8 ஸ்பேடுகள் அவருக்கு ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, கொடுக்கும். ஸ்பேடு அல்லாத பத்துகளும் ஐந்துகளும் ஆறு. அவை ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து எண், கொடுக்கும். மிச்சமுள்ள 3 ராஜாக்கள் ஒன்பதை விடப் பெரிய ஜோடி கொடுக்கும். ஆக 17 சீட்டு, ஏறத்தாழ 39 சதவீத வாய்ப்பு. ஃபர்ஹா அப்போதே விலகினால் ஒரு வெற்றி. விலகாவிட்டாலும் அடுத்த சீட்டில் இன்னொரு வெற்றிக்கு இடம் உண்டு. இரண்டு வாசல் திறந்திருக்கும்போது பந்தயத்தைக் கூட்டுவதைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் செமி-பிளஃப் என்பார்கள்.

கடைசிச் சீட்டுக்குப் பிறகு ஒரு வாசல் அடைபட்டுவிட்டது. ஃபர்ஹாவை விலகவைப்பது ஒன்றே மிச்சம். அந்த இடத்தில் மனிமேக்கருக்கு உதவியது தன்னிடம் இருந்த ஸ்பேடு ராஜா. அது தன் கையில் இருக்கும்வரை ராஜாவோடு கூடிய ஃபிளஷ் ஃபர்ஹாவிடம் இருக்க வாய்ப்பில்லை என்று அவர் உறுதியாகச் சொல்ல முடியும். அதோடு, மூன்றாவது ஸ்பேடு விழுந்தவுடன் கூட்டியவர், கடைசியில் மொத்தத்தையும் தள்ளுகிறார் என்றால், அந்தக் கதை ஃபிளஷ் கிடைத்தவரின் கதையாகவே ஒலிக்கிறது. நல்ல பிளஃப் என்பது கடைசி நொடியில் சொல்லும் பொய் ஆகாது. முதல் பந்தயத்திலிருந்து முரண்படாமல் வந்த கதையின் கடைசி வரி அது.

இப்போது ஃபர்ஹாவின் பக்கம். ஒன்பதில் ஜோடி என்பது மனிமேக்கரின் பொய்யை மட்டுமே வெல்லக்கூடிய கை. ஃபிளஷ், ஸ்ட்ரெய்ட், மூன்று ஒரே எண் என எந்த உண்மையான பெரிய கையிடமும் அது தோற்கும். ஆகவே அவர் முன் இருந்த கேள்வி ‘என் கை எவ்வளவு நல்லது’ என்பது அல்ல. ‘இவர் எத்தனை முறைக்கு ஒருமுறை பொய் சொல்வார்’ என்பதே. ஸ்பேடு ராணி தன் கையிலேயே இருப்பதால் மனிமேக்கருக்கு ஃபிளஷ் கிடைத்திருக்கும் வாய்ப்பு சற்றுக் குறைகிறது. ஈடு கொடுக்க அது ஒரு காரணம். மறுபக்கம், உலகம் பார்க்கும் மேசையில் ஒரு புதியவர், கையில் ஒன்றுமில்லாமல் தொழில்முறை ஆட்டக்காரர் மேல் மொத்தச் சில்லையும் தள்ளுவாரா என்ற சந்தேகம். ஃபிளஷ் தவறிப்போயிருக்க வேண்டும் என்று ஃபர்ஹா வாய்விட்டே சொன்னார். சரியாகவே ஊகித்தார். ஆனாலும் சீட்டைக் கவிழ்த்தார்.

அதன்பின் ஆட்டம் அதிக நேரம் நீடிக்கவில்லை. 5, 4 என்ற எளிய கையோடு இறங்கிய மனிமேக்கருக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) அமைந்து கோப்பை கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். 2006இல் 8,773 பேர். இணையப் போக்கர் உலகெங்கும் பரவியதற்கு அந்த ஒரு கணக்காளரின் வெற்றி பெரிய காரணம். இந்தியர்களும் அந்த மேசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 2024இல் பெங்களூருவின் சந்தோஷ் சுவர்ணா, நுழைவுக் கட்டணமே இரண்டரை லட்சம் டாலரான உலகத் தொடர் போட்டியை வென்று சுமார் 54 லட்சம் டாலர் பெற்றார்.

தவறு என்று எதைச் சொல்வது?

ஃபர்ஹா விலகியது தவறா? சதுரங்கமாக இருந்தால் இதற்குச் சந்தேகமற்ற விடை இருக்கும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், டிங் லிரன் தன் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். சென்னையின் குகேஷ் அதைப் பிடித்துக்கொண்டு 18 வயதில் உலகச் சாம்பியனானார். டிங் செய்தது தவறு என்பதை எந்தக் கணினியும் காட்டிவிடும். காய்கள் எல்லாம் இருவர் கண் முன்னும் இருந்தன. போக்கரில் பாதித் தகவல் மறைந்திருக்கிறது. எதிராளியின் சீட்டைக் கேமராவில் பார்த்த பிறகு ஃபர்ஹாவைக் குறை சொல்வது எளிது. அவர் முன் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் வாதம் முடியவில்லை.

முடிவும் விளைவும் வேறு வேறு என்பது போக்கர் கற்றுத்தரும் முதல் பாடம். திருமங்கலம் கரிசலில் மழையை நம்பிப் பருத்தி விதைப்பவர், ஈரம் பார்த்து, பருவம் பார்த்துச் சரியாக விதைத்தும் ஒரு வருடம் மழை பொய்க்கலாம். அதற்காக அவர் விதைத்தது தவறாகிவிடாது. போக்கரில் இரண்டு ஏஸோடு இறங்குபவர் இரண்டு ராஜா வைத்திருப்பவரை 100க்கு ஏறத்தாழ 82 முறை வெல்வார். மிச்சம் 18 முறை தோற்பார். தோற்ற அந்த ஆட்டத்திலும் அவர் எடுத்த முடிவு சரியானதே. உலகத் தொடர் பட்டம் வென்ற ஆனி டியூக் 2018இல் எழுதிய நூலின் மையக் கருத்தும் இதுதான்: விளைவைக் கொண்டு முடிவை அளக்கும் பழக்கமே மனிதர்களைத் தொடர்ந்து தவறாக வழிநடத்துகிறது.

போட்டி வேறு, காசாட்டம் வேறு

முக்கியமான கட்டத்தில் ஓடும் சிந்தனையில், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்கு உண்டு. போட்டியில் சில்லின் மதிப்பும் பணத்தின் மதிப்பும் ஒன்றல்ல.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டி, ஆளுக்கு 1,000 சில்லு பெற்று ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பரிசு 5,000, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் 2,500 சில்லு. அந்த நிலையில் ஒவ்வொருவர் இடத்தின் மதிப்பும் 2,500 ரூபாய். ஒருவர் ஆல்-இன் சொல்கிறார். ஈடு கொடுப்பவர் தோற்றால் வெறுங்கையோடு வெளியேறுவார். வென்றால் சில்லு 5,000 ஆகும். ஆனால் அவர் இடத்தின் மதிப்பு 5,000 ரூபாய் ஆகாது. முதலிடம் பெற அவருக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று. பரிசுகளோடு பெருக்கிக் கூட்டினால் வருவது சுமார் 3,833 ரூபாய். அதாவது 2,500 ரூபாயைப் பணயம் வைத்தால் 3,833தான் கையில் வரும். இந்தப் பேரத்தில் இறங்க 65 சதவீதத்துக்கு மேல் வெல்லும் வாய்ப்பு வேண்டும். 60 சதவீதம் தனக்குச் சாதகமான கையைக்கூட அவர் கவிழ்ப்பதே சரி.

சில்லும் பணமும் ஒன்றேயான காசாட்டத்தில் இதே 60 சதவீதக் கையைக் கவிழ்ப்பவர் விவரம் தெரியாதவர். போட்டியின் விளிம்பில் கவிழ்க்காதவரே விவரம் தெரியாதவர். இந்தக் கணக்கின் அடியில் உள்ள சூத்திரம் போக்கருக்காகப் பிறந்ததல்ல. டேவிட் ஹார்வில் என்பவர் 1973இல் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடம் பிடிக்கும் என்று கணிக்க எழுதியது; பின்னர் மேசன் மால்முத் அதைப் போக்கர் போட்டிக்குப் பொருத்தினார். கிண்டிக் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லட்சுமணன் வழக்குதான், பிறகு சீட்டாட்ட வழக்குகள் பலவற்றிலும் எடுத்துக் காட்டப்பட்டது. கணக்கிலும் சட்டத்திலும் போக்கர் குதிரையின் பின்னால்தான் வந்திருக்கிறது.

அனுபவமுள்ள ரம்மி ஆட்டக்காரர்களுக்கு இந்தப் புத்தி புதிதல்ல. கை சரியில்லை என்று தெரிந்ததும் 20 பாயிண்டோடு ‘ஸ்கூட்’ விட்டு, 80 பாயிண்ட் ஃபுல் அடி வாங்காமல் தப்பிப்பவரே இரவு முடியும்போது மேசையில் நிற்பார். ஆசையோடு எல்லாக் கையையும் ஆடுபவர் நிற்க மாட்டார்.

முகம், கை, மனம்

சினிமா பார்த்தவர்களுக்குப் போக்கர் என்றால் முகத்தைப் படிப்பது. 2013இல் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய குழுவும் நடத்திய ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது. உலகத் தொடர் ஆட்டக்காரர்களின் காணொளித் துண்டுகளைப் பொதுமக்களுக்குக் காட்டி, யார் கை வலுவானது என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் குருட்டு ஊகத்தைவிட மோசமாக இருந்தது. சில்லைத் தள்ளும் கையின் அசைவை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். முகத்தை அடக்கப் பழகியவர்களும் கையை மறந்துவிடுகிறார்கள்.

எதிராளியைப் படிப்பதைவிடக் கடினமானது தன்னைப் படிப்பது. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வு, இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட மனத்தில் கனமாக இறங்குகிறது என்று காட்டியது. இழந்தவன், விட்டதைப் பிடிக்க வழக்கத்தைவிடப் பெரிய பணயத்துக்குத் துணிகிறான். போக்கர் ஆட்டக்காரர்கள் இதை டில்ட் என்கிறார்கள். ஒரு மோசமான சீட்டு விழுந்து தோற்ற பிறகு அடுத்த பத்து ஆட்டத்தைக் கோபத்தோடு ஆடி எல்லாவற்றையும் இழப்பதுதான் அது. சாம்பியன்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் பிரிக்கும் முதல் கோடு கணக்கு அறிவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. எழுந்து போகத் தெரிவதும் ஆட்டத்திறனின் பகுதி.

இயந்திரம் சொன்ன சாட்சி

பிளஃப் என்பது மனோதத்துவ வித்தை என்ற எண்ணத்தைக் கணிதம் முன்பே அசைத்துவிட்டது. ஜான் வான் நாய்மன் 1928இல் விளையாட்டுக் கோட்பாட்டின் அடிக்கல்லை நாட்டினார். 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டனுடன் எழுதிய நூலில் எளிய வடிவப் போக்கரை ஆராய்ந்து, அளவோடு பொய் சொல்வது சரியான ஆட்டத்தின் இன்றியமையாத பகுதி என்று நிறுவினார். நடுவில் உள்ள தொகை அளவுக்கே ஒருவர் பந்தயம் வைக்கிறார் என்றால், ஈடு கொடுப்பவருக்கு மூன்றில் ஒரு முறை வென்றால் போதும். ஆகவே பந்தயம் வைப்பவர் இரண்டு உண்மைக்கு ஒரு பொய் என்ற விகிதத்தில் ஆடினால், எதிராளி ஈடு கொடுத்தாலும் விலகினாலும் அவருக்கு ஆதாயமில்லை. அதைவிடக் குறைவாகப் பொய் சொன்னால் அவரை எல்லோரும் நம்பிவிடுவார்கள். அதிகமாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமஸ் சான்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற கணினி நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி, சுமார் 17.7 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை வென்றது. அதற்கு முகம் இல்லை, பயம் இல்லை. ஆனாலும் பிளஃப் செய்தது. 2019இல் அதன் வாரிசான புளூரிபஸ், ஆறு பேர் மேசையிலும் வென்று காட்டியது. அதன் அடிப்படைப் பயிற்சிக்கு ஆன காலம் 8 நாள்தான்.

திறமையே இல்லாத ஆட்டத்தில் ஒரு நிரல் தொடர்ந்து வெல்ல முடியாது. ஆகவே போக்கரில் திறமை இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி தேவையில்லை. ஆனால் அதே சாட்சியில் எண்ணும் இருக்கிறது. திறமையைச் சந்தேகமின்றிக் காட்ட 1,20,000 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. ஒரு மாலையில் முப்பது ஆட்டம் ஆடி எழுபவருக்கு அந்த எண் என்ன சொல்கிறது?

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010 உலகத் தொடர்ப் போட்டிகளை ஆராய்ந்தார்கள். தேர்ந்தவர்கள் என்று முன்கூட்டியே அடையாளமிட்ட 720 பேர் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்த்தார்கள். மற்றவர்கள் சராசரியாக 15 சதவீதம் இழந்தார்கள். திறமையின் பலன் இத்தனை தெளிவாகத் தெரிவதே, திறமை இல்லாதவர் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

கீழடிப் பகடை முதல் தீர்ப்புகள் வரை

அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டம் மதுரைச் சமவெளிக்குப் புதிதல்ல. நகரிலிருந்து சில மைல் தொலைவில் கீழடி அகழாய்வில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. தாயக் கட்டங்களையும் ஆடுபுலிக் கட்டங்களையும் கோயில் மண்டபத் தரைகளிலும் ஊர்ச் சாவடிக் கற்களிலும் இன்றும் காணலாம். ஆடுபுலி சதுரங்கத்தின் இனம்; எல்லாம் வெளிப்படை. தாயம் போக்கருக்கு நெருக்கமானது. விழும் எண் யார் கையிலும் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதைப் பழமாக்குவது என்பது ஆடுபவர் கையில் இருக்கிறது. திருக்குறள் சூதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியது. அந்த 94ஆவது அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது.

இந்தியச் சட்டம் இந்தக் கலவையை ஒரே அளவுகோலால் அளக்க முயன்றது: மேலோங்கி நிற்பது எது? 1968இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும் எதை வைத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வதும் தேவைப்படுவதால் ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தோடு அதைச் சேர்க்க மறுத்தது. போக்கர் பற்றி உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ போக்கரையும் ரம்மியையும் சூதாட்ட வரையறைக்கு வெளியே வைத்திருந்தது.

அவசரச் சட்டத்தின் இடத்தில் வந்த தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு ரத்து செய்தது. போக்கர் திறமை சார்ந்தது என்பதற்கு அந்தத் தீர்ப்பு சுட்டியது ஓர் அமெரிக்க வழக்கையும், போக்கரைத் திறமை ஆட்டமாக ஏற்ற இந்தியச் சட்ட ஆணையத்தின் 276ஆவது அறிக்கையையும். அந்த அமெரிக்க வழக்கு 2012இல் புரூக்ளினில் நடந்தது. அங்கே பொருளியல் நிபுணர் ஒருவர் இணையத்தில் ஆடப்பட்ட 40 கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் பதிவை அலசிச் சாட்சியம் சொன்னார். நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் ஏற்றார். மறு ஆண்டே மேல் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. திறமை இல்லை என்பதற்காக அல்ல. வழக்கு தொடரப்பட்ட அமெரிக்கச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் அது பொருட்டே இல்லை என்பதற்காக.

பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த முன்னாள் நீதிபதி கே.சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் வந்த சட்டம், ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பின், 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகப் பட்டியலிட்ட அட்டவணை மட்டும் செல்லாது என்றது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு ஆகிய விதிகளை 2025 ஜூனில் உறுதி செய்தது. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் முழுவதையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்துள்ளன.

கைப்பேசியில் என்ன மிஞ்சுகிறது?

மனிமேக்கர் ஆல்-இன் சொன்னபோது ஃபர்ஹாவுக்கு யோசிக்க நேரம் இருந்தது. எதிரே ஓர் ஆள் இருந்தார். அவர் ஆடிய விதம் நினைவில் இருந்தது. ஆட்டத்தில் இழக்கக்கூடிய தொகைக்கு எல்லை இருந்தது: கட்டிய நுழைவுக் கட்டணம்.

கைப்பேசிக் காசாட்டத்தில் இந்த நான்கும் மெலிகின்றன. முடிவெடுக்கச் சில நொடிகள். எதிரே ஒரு புனைபெயர். அடுத்த ஆட்டம் உடனே தொடங்கிவிடுகிறது. டில்ட் அடங்க அவகாசமில்லை. பணம் தீர்ந்தால் மறுபடி போட ஒரு தொடுதல் போதும். இதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்திலும் தளத்துக்குக் கட்டணம் போகிறது. சம திறமையுள்ள இருவர் நீண்ட நாள் ஆடினால் இருவருமே தோற்பார்கள். 2023 அக்டோபரில் கட்டும் தொகை மேல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் நிகர வெற்றி மேல் 30 சதவீத வரிப் பிடித்தம் வந்தது. எதிராளியை மட்டும் அல்ல, இவை அனைத்தையும் தாண்டி வெல்லுமளவு திறமை வேண்டும். உலகத் தொடரின் 720 பேருக்கு அது இருக்கலாம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கடன் வாங்கி ஆடுகிற இளைஞருக்கு அது இருக்கும் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை.

ஆகவே ‘இந்த ஆட்டத்தில் சிந்தனை இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டிருந்த வரையில் நீதிமன்றங்கள் பெற்ற விடை சரியானதே, ஆனால் போதாதது. சிந்தனை இருக்கிறது. ஆழமாகவும் அழகாகவும் இருக்கிறது. மனிமேக்கரின் கதையும் ஃபர்ஹாவின் தயக்கமும் அதற்குச் சான்று. அந்தச் சிந்தனை விளைவைத் தீர்மானிக்க எத்தனை ஆட்டம் தேவை, அத்தனை ஆட்டம் ஆடும்வரை தாக்குப்பிடிக்கும் பணம் யாரிடம் இருக்கிறது, ஆடியவர்களில் எத்தனை பேர் கடைசியில் லாபத்தில் நின்றார்கள் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு ஊகம் தேவையில்லை. இணையத்தில் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும், ஒவ்வொரு பந்தயமும், ஒவ்வொரு ரூபாயும் தளங்களின் கணினியில் பதிவாகியிருக்கிறது. புரூக்ளின் நீதிமன்றத்துக்கு அமெரிக்க ஆட்டப் பதிவுகள் வந்தன. தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் பதிவுகளும், பெயரை நீக்கிவிட்டு, உச்ச நீதிமன்றத்தின் முன் வரவேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனமோ மதுரை காமராசர் பல்கலைக்கழகமோ அவற்றைப் பரிசோதிக்கட்டும். அந்தக் கணக்கு வரும் வரை, திறமை ஆட்டம் என்ற தகுதியைப் போட்டி மேசையில் ஆடப்படும் போக்கருக்குத் தரலாம். கைப்பேசியில் ஓடும் காசாட்டத்துக்குத் தரக் கூடாது.